கப்பலூரில் ஒரு சாதா டீ

கப்பலூர் ரோட்டோர டீக்கடையில் வேனை நிறுத்தியிருக்கிறார்கள். மகள் கல்யாணத்துக்குப் பட்டெடுக்க மதுரைக்குப் போகிறோம். மாப்பிள்ளையின் அம்மா வேப்பமர நிழலில் தள்ளி, விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். சம்பந்தியம்மாளுக்கு நான் வாங்கிக் கொடுக்கும் முதல் டீ இது. குறை வந்துவிடக் கூடாது.

"தம்பி, எங்க சம்பந்தியம்மாளுக்கு ஒரு ஸ்பெஷல். எனக்குச் சாதா போதும்."

"இங்க எல்லாமே ஸ்பெஷல்தான் ஆத்தா. போர்டப் பாருங்க."

எழுத்துக் கூட்டிப் பார்க்கிறேன். டீ ஸ்பெஷல், வடை ஸ்பெஷல், சுண்டல்கூட ஸ்பெஷல். நான் முதன்முதலில் கூட்டிப் படித்த இங்கிலீஷ் வார்த்தையே இதுதான், திருவிழா பஸ்ஸின் நெற்றியில். அந்த பஸ் வருசத்துக்கு ஒரு தடவைதான் வரும். பிறகு அந்த வார்த்தை டீக்கடைக்கு வந்தது. தண்ணீர் கலக்காத பாலில், விருந்தாளிக்கு மட்டும் போடுவார்கள். இப்போது போகிறவர் வருகிறவருக்கெல்லாம் ஸ்பெஷல் என்றால், சம்பந்திக்கு என்ன மரியாதை?

"அப்ப எனக்காவது ஒரு சாதா போடப்பா."

"அதுக்குத் தனியால்ல போடணும்!" சலித்துக்கொண்டே பாத்திரம் கழுவி, பாலில் தண்ணீர் விட்டு, புதுத்தூள் போட்டு, நுரைக்க நுரைக்க ஆற்றித் தருகிறார்.

இரண்டு கிளாசோடும் மரத்தடிக்குப் போகிறேன். சம்பந்தியம்மா என் கிளாசையே பார்க்கிறார்.

"ஊருக்கே ஊத்துனது எனக்கு. உங்களுக்கு மட்டும் தனியாவா மதினி?"

 சட்டென்று கிளாசை மாற்றிக் கொடுக்கிறேன். ஒரு மடக்குக் குடிக்கிறார். முகம் மலர்கிறது.

"அதானே! ஸ்பெஷல்னா இப்பிடில்ல இருக்கணும்."