அண்டாவில் அவிந்த கூடாரம்

செப்பு அண்டாவில் அன்று மிதந்த வெள்ளைத் திரைகள் இன்னும் என் கண்ணிலேயே நிற்கின்றன. காய்ச்சிய பாலின் ஆடையை விட மெலிதாக, துண்டு துண்டாக, கொதிநீரின் மேல் அவை சுருண்டும் விரிந்தும் திரிந்தன. என் அண்ணன் கழியின் நுனியில் ஒரு துண்டைத் தூக்கிக் காட்டி, "பாத்தியாம்மா, எவ்ளோ பசை" என்றார். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். உள்ளே அவிந்துகொண்டிருந்தது பட்டு அல்ல, என் மகளுடைய கூடாரம்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி அண்ணனின் சாயப் பட்டறை இருக்கிறது. நான் பிறந்து வளர்ந்தது அந்தச் சாய வாசனையில்தான். கச்சாப் பட்டு நூலில் இயல்பாகவே ஒரு பசை உண்டு. தொட்டால் விறைப்பாக, கொஞ்சம் பிசுக்காக இருக்கும். சோப்பும் வாஷிங் சோடாவும் கரைத்த தண்ணீரில் அதை அவித்தால் பசை கழன்றுபோய் நூல் மெத்தென்று பளபளக்கும். அதன் பிறகுதான் சாயம் ஏறும். காஞ்சிபுரத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அதற்கு மேலும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் மேல்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் வேதியியல் நடத்துகிறேன்.

என் மகளுக்கு வயது இருபத்தாறு. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. விடுப்பு கிடைத்தால் மலைக்குப் போவாள், இல்லாவிட்டால் துடுப்போடு ஏதாவது ஏரிக்கோ கடற்கழிக்கோ போவாள். இப்படிப்பட்டவர்களின் வாழ்க்கை மலை உச்சியில் நடக்கிறது என்று ஊரார் நினைக்கிறார்கள். உண்மையில் அதில் முக்கால் பங்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் நடக்கிறது. காற்றடைத்த கயாக் படகு ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கூடத்தில் இரண்டு நாள் ஊதிக் கிடக்கும். சோப்பு நுரையைத் தூரிகையில் தொட்டு அதன் ஓரமெல்லாம் தடவி, எங்காவது குமிழி வருகிறதா என்று குனிந்து பார்ப்பாள். படகுக்கு இடம் விடுவதற்காக நாற்காலிகளை வெளியே போட்டுவிடுவதால், அந்த இரண்டு நாளும் என் கணவர் படகுக்குள் உட்கார்ந்துதான் செய்தித்தாள் படிப்பார். சாப்பாட்டு மேசையின் காலில் எப்போதும் ஏதாவது ஒரு கயிற்று முடிச்சு இருக்கும். சுமை குறைய வேண்டும் என்று ஒருமுறை பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக அறுத்தாள். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "பல்லையும் ரெண்டு கழட்டி வச்சிட்டுப் போம்மா, இன்னும் கொறையும்" என்றார்.

மலைக்குப் போவதற்கு முன் ஒரு மாதம் நடைப் பயிற்சி உண்டு. பெரிய முதுகுப் பையில் பதினைந்து கிலோ பொன்னி அரிசியைக் கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் திருப்புட்குழி வரை நடப்பாள். முதல் முறை நடந்தபோது எனக்கு அரை மணி நேரத்தில் மூன்று தொலைபேசி அழைப்புகள். "பொண்ணு மூட்டை முடிச்சோட போய்க்கினு இருக்குது, வூட்ல எதுனா தகராறாம்மா?" என்று எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். தூரத்து உறவினர் ஒருவர் அதற்குள் நெடுஞ்சாலையில் அவளை மறித்து, தேநீரும் இரண்டு போண்டாவும் வாங்கிக் கொடுத்து, பெற்றவர்கள் ஏதோ கோபத்தில் சொல்லியிருப்பார்கள், மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பொறுமையாகப் புத்தி சொல்லியிருக்கிறார். எவ்வளவு விளக்கியும் கேட்காமல் வண்டியின் பின்னால் உட்காரவைத்து வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினார். போண்டாவுக்காக அதற்கு மேல் மறுத்துப் பேசவில்லை என்றாள் இவள். நடந்து வந்த அரிசியைத்தான் அந்த வாரம் முழுக்கச் சமைத்தோம்.

நான் பயப்படுகிற ஆள். பேருந்து பத்து நிமிடம் தாமதமானாலே வாசலுக்கு வந்து நிற்பவள். அதனால் ஒவ்வொரு முறையும் அவள் கிளம்பும் முன் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒரு தாள் ஒட்டுவாள். போகும் வழி, வழிகாட்டியின் எண், திரும்பும் நாள் எல்லாம் அதில் இருக்கும். கடைசி வரி எனக்கென்றே எழுதியது: 'புதன் மாலை ஆறு மணிக்கு முன் பயப்படக் கூடாது.' நாளும் நேரமும் மட்டும் மாறும். நான் அதற்குக் கட்டுப்பட்டே இருந்தேன், பெரும்பாலும்.

அந்தக் கூடாரம் அவள் யாரிடமோ பழையதாக வாங்கியது. ஒரு முறை ஈரத்தோடு மடித்து வைத்ததிலிருந்து அதில் புளித்த வாடை. உள்பக்கம் தொட்டால் விரலில் ஒட்டியது. வாலாஜாபாத்தில் இருக்கும் அவளுடைய தோழி, படகுப் பயணங்களில் எப்போதும் கூடவே போகிறவள், அதை இரண்டு வாரம் வாங்கிப் போயிருந்தாள். அது திரும்பி வந்த அன்று மகள் முகத்தைச் சுளித்து, "பிசுபிசுன்னு இருக்குதும்மா, நாத்தம் வேற. அடுத்த வாரம் இத எடுத்துக்கினு எப்படிப் போறது?" என்றாள். பிசுக்கு என்ற வார்த்தை போதுமானதாக இருந்தது எனக்கு. மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் கூடாரத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அண்ணனின் பட்டறைக்கு நடந்தேன். முக்கால் மணி நேரம் அவித்தோம். மூன்று தண்ணீரில் அலசி, சிவப்புச் சாயம் ஏறிய நூல் சிட்டங்களுக்கு நடுவே நிழலில் காயப் போட்டோம். பிசுக்கு போய்விட்டது, வாடை போய்விட்டது. துணி கையில் வழுகியது.

மாலையில் அவள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "இன்னாம்மா பண்ண? புதுசு மாதிரி இருக்குது." நல்லாத் துவைத்தேன், அவ்வளவுதான் என்றேன். அண்டாவைப் பற்றிச் சொல்லவில்லை. சமையலைப் புகழ்ந்தால் பக்குவத்தைச் சொல்லாமல் சிரிப்போமே, அந்த மாதிரியான ஒரு பெருமை. வேறு காரணமில்லை.

அவள் போனது உத்தரகண்ட் மலைகளுக்கு. இரண்டாம் நாள் பொழுது சாய்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. கூடாரத் துணி தண்ணீரைத் தடுக்கவே இல்லை, சல்லடையாக இறக்கியது. தூங்கும் பை நனைந்து, மாற்று உடை நனைந்து, முதுகுப் பைக்குள் காலை நுழைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்தே இருந்திருக்கிறாள். காலையில் வழிகாட்டி வந்து பார்த்தபோது அவளால் ஷூ கயிற்றைக் கட்ட முடியவில்லையாம். மேசைக் காலில் அத்தனை முடிச்சு போட்ட விரல்கள். அவர்கள் அவளைப் போர்த்தி, சூடாக ஏதோ குடிக்கவைத்து, மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டு வந்தார்கள். இங்கே புதன் ஆறு மணி ஆயிற்று, ஏழு ஆயிற்று, எட்டு ஆயிற்று. வியாழன் காலை பத்து மணிக்கு, பள்ளியில், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. "ம்மா, நான்தான். பயப்படாத" என்றாள். அவள் பற்கள் மோதிக்கொள்ளும் ஓசை எனக்குக் கேட்டது. இப்போதும் சன்னல் தகரத்தின் மேல் மழை விழுந்தால் எழுந்து போய் அவள் படுக்கையில் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன்.

அவள் வீடு வந்து இரண்டு நாள் கழித்து மொட்டை மாடியில் கூடாரத்தை விரித்து அதன் மேல் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றிய இடத்திலேயே அது கீழே இறங்கியது. "உள்ள பூசியிருந்த கோட்டிங் மொத்தமும் போய்டுச்சு" என்றாள். நான் அருகில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அந்த வாரம்தான் பன்னிரண்டாம் வகுப்புக்குக் சோடா போன்ற காரத்தில் சேர்மங்கள் சிதையும் நீராற்பகுத்தலைப் பலகையில் எழுதிப் போட்டிருந்தேன். நான் கழற்றியது அழுக்கை அல்ல, மழையிலிருந்து அவளைக் காக்க வேண்டிய பூச்சை. வாயைத் திறப்பதற்குள் அவளே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். "நீ கையாலதான தொவச்ச, அவதான் வாஷிங் மெஷின்ல போட்டிருப்பா." தோழியை அழைத்தாள். பேச்சு கத்தலாகி, கத்தல் துண்டிப்பாகி முடிந்தது. நான் அடுத்த புடவையை எடுத்து உதறினேன்.

அடுத்த மாதம் இருவரும் பழவேற்காட்டில் மூன்று நாள் படகோட்டுவதாக இருந்தது. துணை இல்லாததால் அது நின்றுபோயிற்று என்று மகள் சொன்ன அன்று நான் கேசரி கிளறினேன். என்ன விசேஷம் என்று கணவர் கேட்டதற்கு, ரவை மீந்திருந்தது என்றேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் பேசிக்கொள்ளாத அந்தப் பதினொரு நாளும் எனக்கு நல்ல தூக்கம்.

பதினொன்றாம் நாள் மதியம் தோழி வந்தாள். மகளின் துடுப்பு ஒன்று அவளிடம் இருந்ததாம், கொடுத்துவிட்டுப் போக வந்தாள். மகள் வேலையில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் வந்திருந்தாள். "ஆன்ட்டி, நான் மெஷின்ல போடவே இல்ல. காய வச்சு மடிச்சுக் குடுத்தேன், அவ்ளோதான். நம்ப மாட்றா" என்றாள். நான் காபி போட்டுக் கொடுத்தேன், அதைத் தவிர எதுவும் செய்யவில்லை. வழக்கமாக இன்னொரு டம்ளர் கேட்பவள், பாதியை வைத்துவிட்டுப் போனாள்.

மாலையில் மகள் அந்தத் துடுப்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "பரவால்லம்மா, நான் தனியாவே போய்ட்டு வர்றேன்" என்றாள். மனசாட்சி உறுத்தி உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். என்னைப் பேசவைத்தது பயம். அகன்ற தண்ணீரில் ஒற்றைப் படகில் அவளை நினைத்துப் பார்த்த பயம்.

"அவ மெஷின்ல போடல. நான்தான். மாமாவோட அண்டாவுல அவிச்சேன்."

"அவிச்சியா?"

"சோடாவும் சோப்பும் போட்டு."

"எவ்ளோ நேரம்?"

"முக்கா மணி நேரம்."

அவள் என்னையே பார்த்தாள். "நீ கெமிஸ்ட்ரி டீச்சர்மா."

சிரிப்பாள் என்று ஒரு கணம் நம்பினேன். அவளோ, எனக்கு எப்போது தெரியும் என்று கேட்டாள். நீ தண்ணீர் ஊற்றிய அன்றே என்றேன். துடுப்பைச் சுவரில் சாய்த்து வைத்தாள். "அவிச்சதுகூட பரவால்ல. பதினோரு நாளா பாத்துக்கினு இருந்தியே" என்றாள், குரலை உயர்த்தாமல். ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு மணி நேரம் கழித்து வண்டிச் சத்தம் கேட்டது. பின்னால் தோழி இருந்தாள். நேராகச் சமையலறைக்கு வந்து, "ஆன்ட்டி, அன்னிக்கு பாதி காபி பாக்கி இருக்குது" என்றாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். மகள் மட்டும் அதன்பிறகு ஒரு வாரம் கேட்டதற்கு மட்டுமே பதில் சொன்னாள்.

இதை எழுதும் இன்று இருவரும் பழவேற்காட்டில் இருக்கிறார்கள். எடுத்துப் போயிருப்பது அதே கூடாரம்தான். அதனால் அவர்கள் கிளம்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும்.

சிலிக்கான் பசையை டர்பன்டைனில் கரைத்து, தோழிகள் இருவரும் துணி முழுக்கத் தடவிக் காயவைத்திருந்தார்கள். அண்ணன் பட்டையான தூரிகை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மேற்பார்வை பார்க்க அங்கேயே நின்றார். "மாமா, கிட்ட வராத, அவிச்சிடுவ" என்றாள் மகள். "இன்னாம்மா கொற சொல்ற? நாத்தம் போச்சா இல்லியா?" என்றார் அவர். உச்சி வெயிலில் கூடாரத்தை நிறுத்தியதும், யாராவது உள்ளே படுத்துப் பார்க்க வேண்டும் என்றாள் தோழி. மகள் அந்த வாரத்தில் முதல் முறையாகத் தானாக என் பக்கம் திரும்பினாள். "நீதான் அவிச்ச. நீ படு."

புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து உள்ளே போனேன். ஜிப்பை இழுத்து மூடினார்கள். ஆரஞ்சு நிற வெளிச்சம், டர்பன்டைன் நெடி, முகத்துக்கு இரண்டு சாண் உயரத்தில் துணி. முதல் குடம் விழுந்தபோது உடம்பு தூக்கிப் போட்டது. அண்ணன் குடம் குடமாகத் தூக்கிக் கொடுக்க, பெண்கள் ஊற்றினார்கள். தலைமாட்டில், கால்மாட்டில், தையல் ஓரங்களில். நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு சொட்டுக்காகக் காத்திருந்தேன். அது விழ வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். ஒரே ஒரு சொட்டு விழுந்தால் போதும், இந்த மாதம் போகமாட்டார்கள். உள்ளங்கையால் தரையெல்லாம் தடவினேன், மூலைகளில் விரலை விட்டுப் பார்த்தேன். எங்கும் ஈரமில்லை.

"ம்மா, ஒழுகுதா?"

தண்ணீர் வடியும் சத்தம் மட்டும் இருந்தது. உள்ளே இருப்பது நான் ஒருத்திதான், நான் சொல்வதுதான் செய்தி.

"இல்லடி" என்றேன். "ஒரு சொட்டுகூட இல்ல."

ஜிப் திறந்தது. அவள் தலையை நீட்டி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். துணியையோ தரையையோ அவள் தொட்டுப் பார்க்கவில்லை. கையை நீட்டி, "எந்திரி, மடிக்கணும்" என்றாள்.