குணாளனும் கோதுமை மாவும்

ஜெலுத்தோங் சந்தைப் பக்கம் குணாளன் நம்மூர்ப் பரோட்டா போன்ற ரொட்டி சானாயை வீசுவதைப் பார்க்கவே ஆள் கூடும். வேறு தொழில் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவரும் இல்லை.

அப்பேர்ப்பட்டவருக்கு இழுப்பு வந்தது. பழியைச் சம்பல் தலையில் போட்டார். மிளகாய்ப் புகைதான் நெஞ்சை அடைக்கிறது என்று அடுப்பை மனைவி மோகனாவிடம் தள்ளிவிட்டு, மாவு பிசைவதே கதியென்று உட்கார்ந்தார். கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொண்ட கதைதான். கடை அடைத்திருக்கும் திங்கட்கிழமை மட்டும் மூச்சு ஒழுங்காக வந்தது. அதையாவது யோசிக்க வேண்டாமா மனுஷன்?

டாக்டர் சலேஹா அவர் கையில் ஒவ்வாமை தரும் பொருள்களைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊசியால் லேசாகக் குத்திப் பார்த்தார். பூனை முடிக்கு ஒன்றுமில்லை, தூசிக்கும் ஒன்றுமில்லை. கோதுமைச் சொட்டு மட்டும் கொசு கடித்தாற்போல் தடித்தது.

மூச்சுக்குழாயில் காவல் செல்கள் இருக்கின்றன, அவற்றின் மேல் கொக்கி மாதிரி ஏற்பிகள் இருக்கின்றன என்றார் டாக்டர். உடம்பு கோதுமையைப் பகையாளி என்று நினைத்து, அதற்கான எதிர்ப்பொருளை அந்த ஏற்பிகளில் மாட்டி வைத்திருக்கிறதாம். மாவுத்தூள் வந்து அதில் ஒட்டினால் போதும், செல் உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டிவிடும். குழாய் இறுகிவிடும்.

அந்த ஏற்பிகளை எடுத்துவிட முடியாதா என்று குணாளன் மலாய் மொழியில் கெஞ்சினார். முடியாது, மாவை விடுங்கள், இல்லையென்றால் ஒருநாள் மூச்சே திரும்பாது என்றார் டாக்டர். மோகனா அங்கேயே அழுதுவிட்டாள்.

அன்றிலிருந்து அவள் பிசைந்தாள், அவளே வீசினாள். குணாளன் சாலைக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்தார். ரொட்டி கிழிந்தது.

கடை திறந்த நாள் முதலாய் வருகிற சிவநேசன், "தப்பா நினைக்காதம்மா, ரொட்டி ரப்பர் மாதிரி இருக்குலா," என்றார். மறுநாள் காலை அவரும் பக்கத்துக் கடையில் உட்கார்ந்திருந்தார்.

மத்தியானம் கடை கட்டியதும் குணாளன் சாலையைத் தாண்டி வந்தார். இன்ஹேலரை உறிஞ்சினார். வாயில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு மாவு மூட்டையைப் பிரித்தார். வெள்ளையாகப் புழுதி எழுந்தது.

"வேணாங்க. டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"மறக்கல. ரொட்டி இப்படியே இருந்தா காலையில யாரு வருவா சொல்லு. தண்ணி ஊத்து."

அவர் நெஞ்சில் விசில் தொடங்கியது அவளுக்குக் கேட்டது. செம்பில் தண்ணீர் மொண்டாள்.

பிறகு ஊற்றினாள்.