எண்ணெய் முள் இறங்கிய வாரம்

செவ்வாயும் வெள்ளியும் காலை எட்டேகாலுக்கெல்லாம் டெய்சி ஜீப்பைக் கிளப்பிவிடுவாள். மாரிகுப்பத்தில் தன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளியிருக்கும் வேலுவை முதலில் ஏற்றிக்கொள்வாள். ராபர்ட்சன்பேட்டையில் ரத்தினம்மா தலையணையும் பையுமாக ரோட்டோரம் நிற்பாள். இரண்டு பேருக்கும் சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. பதினோரு மணிக்குக் கோலார் ஆஸ்பத்திரியில் அவர்களுக்கு டயாலிசிஸ் படுக்கை. அந்த நேரத்தைத் தவறவிட்டால் படுக்கை அடுத்தவருக்குப் போய்விடும்.

நாலு வருஷமாக டெய்சி ஒரு நடைகூடத் தவறவிட்டதில்லை.

ஜீப் அவள் கணவன் சிரில் வாங்கியது. இருபத்தாறு வருஷத்து டீசல் வண்டி. பெங்களூரில் ஸ்டோர் கீப்பர் வேலை கிடைத்து சிரில் தினமும் விடியற்கால ரயிலில் போய்வர ஆரம்பித்ததும், வண்டி தார்ப்பாய்க்கு அடியில் இரண்டு வருஷம் கிடந்தது. விற்றுவிடலாம் என்று அவன் சொன்னபோது, "நான் ஓட்டறேன்" என்றாள் டெய்சி. அப்போது அவளுக்கு முப்பத்தொன்பது. சிரில் சிரித்தான். மூன்று மாதத்தில் லைசென்ஸ் வாங்கி வந்து மேஜைமேல் வைத்தாள். முதலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றினாள். கொரோனாவில் பஸ் நின்றபோது அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்படி வேலுவின் மகன் பிரதாப் போன் செய்து கெஞ்சினான். அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்தக் கோலார் நடை.

ஓட்டுவதில் அவளுக்குப் பயமில்லை. பயமெல்லாம் எஞ்சின்மேல்தான். ஒருமுறை பூதிகோட்டையில் நிச்சயதார்த்தம் முடித்துத் திரும்பும்போது, ஆயில் விளக்கு சிவப்பாக மினுங்கியது. சிரில்தான் ஓட்டினான். "வீட்டுக்குப் போய் பாத்துக்கலாம்" என்றான். மூன்று மைல் தாண்டவில்லை. கல் உரலில் இரும்பைப் போட்டு இடித்ததுபோல் ஒரு சத்தம். எஞ்சின் இறுகி, பின்சக்கரம் இழுத்துக்கொண்டு, வண்டி பாதி ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. உள்ளே பத்துப் பேர். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தச் சத்தம் டெய்சியின் காதுக்குள்ளேயே தங்கிவிட்டது.

அதனால் ஆயில் பிரஷர் மீட்டரின் முள் எங்கே நிற்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். காலையில் கிளப்பினதும் நாலு. ஓடும்போது மூணு. சூடேறி நிற்கும்போது ஒன்றரை. அதற்குக் கீழே அது போனதே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அதற்கும் கீழே போயிற்று. கோலாரிலிருந்து திரும்பும் வழியில், பங்காருப்பேட்டை பஸ் ஸ்டாண்டு முன்னால் நெரிசலில் நின்றபோது முள் ஒன்றைத் தொட்டது. டெய்சி மீட்டரை விரலால் தட்டிப் பார்த்தாள். முள் அசையவில்லை. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்ததும் இரண்டரைக்கு ஏறியது. விட்டதும் மறுபடி இறங்கியது.

"இன்னாம்மா, அங்கயே பாத்துக்கினு கீற?" என்று கேட்டார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேலு.

"ஒண்ணுமில்லண்ணா."

அன்று மாலை சிரில் வந்ததும் சொன்னாள். அவன் பூட்ஸைக் கழற்றியபடியே, "மீட்டர் சென்சார் போயிருக்கும். பழைய வண்டிக்கு இதான் முதல்ல போவும். மாத்திடு" என்றான்.

சனிக்கிழமை மாற்றினாள். முள் அதே இடத்துக்குத்தான் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் போதகர் பேசியது ஒரு வார்த்தைகூட அவள் மண்டையில் ஏறவில்லை. புது சென்சாரும் பழைய சென்சாரும் ஒரே பொய்யைச் சொல்லுமா? சொல்லாது. அப்படியென்றால் சொல்வது உண்மை. எஞ்சினுக்குள் எண்ணெய்க்கு நிஜமாகவே அழுத்தம் இல்லை.

திங்கட்கிழமை ராபர்ட்சன்பேட்டையில் விநாயக்கின் ஷெட்டுக்கு வண்டியைக் கொண்டுபோனாள். விநாயக் நாற்பது வயதுக்காரன், டீசல் வண்டிகளில் கைதேர்ந்தவன். அவனுக்குப் பேச்சைவிட வேலைதான் ஜாஸ்தி. சென்சாரைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் தன்னுடைய சோதனை மீட்டரைப் பொருத்தினான். எஞ்சினைச் சூடேற்றிவிட்டு இருவரும் குனிந்து பார்த்தார்கள். முக்கால்.

"மீட்டர் கரெக்டா தான் சொல்லுது அக்கா. பிரஷர் இல்ல."

"ஆயில் கம்மியா கீதா?"

அவன் எஞ்சினை அணைத்துவிட்டு, எண்ணெய் அளவு பார்க்கும் ஆயில் ஸ்டிக்கை இழுத்து, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தான். மேல் கோட்டுக்குச் சற்று மேலேயே நின்றது எண்ணெய்.

"ஃபுல்லா கீது. ஆயில் கொறையல." கையைத் துடைத்துக்கொண்டான். "அப்போ மெட்டல் தேஞ்சிருக்கும். கிராங்க்கைத் தாங்கற பேரிங். அது தேஞ்சா இடைவெளி ஜாஸ்தியாயி எண்ணெய் சும்மா வழிஞ்சி போயிடும், பிரஷர் நிக்காது. எஞ்சினை இறக்கணும். ரெண்டு வாரம் ஆவும்."

"மெட்டல் தேஞ்சா தட்டுமில்ல? சத்தமே இல்லியே."

விநாயக் மறுபடி எஞ்சினைக் கிளப்பி, தலையைச் சாய்த்துக் கேட்டான். எஞ்சின் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "அதான் எனக்கும் புரியல" என்றான்.

ரெண்டு வாரம் என்றால் நாலு நடை. நாளைக்கு மட்டும் போய்வரலாமா என்று கேட்டாள். அவன் யோசித்தான். "மெதுவா போங்க. அரைக்குக் கீழ எறங்கிச்சின்னா நிறுத்திடுங்க. அப்பால ஒரு அடிகூட வேணாம்."

செவ்வாய்க்கிழமை காலை வேலுவின் கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளையின் பிறந்தநாளில், அளந்து குடிக்கவேண்டிய தண்ணீரும் குழம்பும் கணக்கில்லாமல் உள்ளே போயிருந்தன. படியேற மூச்சு வாங்கினார். "இன்னிக்கி சீக்கிரம் போயிடணும் டெய்சிம்மா" என்றார். அவர் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்; கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆழத்துக்கு இறங்கும்போதுகூடப் பயந்ததில்லை என்று சொல்லிக்கொள்கிறவர். அவரே அப்படிச் சொன்னதும் டெய்சி அவசரமாகச் சாவியைத் திருகினாள்.

கிளப்பியபோது முள் இரண்டரையில்தான் நின்றது. ஆறிக் கிடந்த எஞ்சினுக்கு நாலு காட்டவேண்டும். அவள் மெதுவாகவே ஓட்டினாள். ஒரு கண் ரோட்டில், ஒரு கண் முள்ளில். பின்சீட்டில் ரத்தினம்மா தன் மருமகள் செய்த உப்பில்லாத உப்புமாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். டெய்சி "ம்" கொட்டினாள்.

பங்காருப்பேட்டையைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர். முன்னால் கரும்பு லாரி ஒன்று மேட்டில் மெதுவாக ஏறியது. டெய்சி காலைத் தளர்த்தினாள். முள் ஒன்று, முக்கால், அரை என்று இறங்கி, அடியில் போய்ப் படுத்துவிட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது.

மிதித்தால் ஏறும் என்று அவளுக்குத் தெரியும். மிதித்துக்கொண்டே போனால் இன்னும் பதினைந்து கிலோமீட்டர்தான். மணி ஒன்பதரை தாண்டியிருந்தது. வேலுவின் மூச்சு பக்கத்தில் இழுத்துக்கொண்டிருந்தது. போய்விடலாம் என்று கால் சொன்னது. அதற்குள் அந்தப் பழைய சத்தம் காதில் இடித்தது. அவள் வண்டியை இடப்பக்கம் ஒதுக்கி, புளியமர நிழலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்தாள்.

"இன்னா ஆச்சு?" என்றாள் ரத்தினம்மா.

"பிரஷர் போச்சுக்கா. இதுக்கு மேல ஓட்ட மாட்டேன்."

"மெதுவா உருட்டிக்கினு போயிடலாமே. இவரு ஒரு மாதிரி கீறாரு பாரு."

"தெரியுதுக்கா. நடு ரோட்டுல இறுகிச்சின்னா இன்னும் மோசம். வேற வண்டி பிடிச்சித் தரேன்."

ரோட்டில் இறங்கிக் கையைக் காட்டினாள். ஒரு கார் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. ஒரு ஆட்டோ நின்றது. கோலாருக்கு வரமாட்டேன் என்று போய்விட்டது. பஸ் நின்றால்கூட வேலுவால் அந்தப் படி ஏற முடியாது. பத்து நிமிஷம் ஓடியது. அவளுக்கு அது ஒரு மணி நேரம் மாதிரி இருந்தது. நாம்தான் அவசரப்பட்டு நிறுத்திவிட்டோமோ என்று ஒரு நினைப்பு உள்ளே அரித்தது.

ஐந்தாவதாக வந்த வெள்ளைக் கார் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. ஓட்டியவள் பெண். கழுத்தில் பள்ளிக்கூட அடையாள அட்டை. மமதா என்று போட்டிருந்தது. கோலாரில் டீச்சர். என்ன விஷயம் என்று கன்னடத்தில் கேட்டாள். டெய்சி கன்னடத்திலேயே கொட்டித் தீர்த்தாள்: டயாலிசிஸ், பதினோரு மணி, கால் வீக்கம். மமதா பாதிக்கு மேல் கேட்கவில்லை. பின்சீட்டிலிருந்த நோட்டுப் புத்தகக் கட்டுகளைத் தூக்கி டிக்கியில் போட்டாள்.

"உன்னை இங்க தனியா உட்டுட்டா?" என்றார் வேலு, காரில் ஏறாமல்.

"எனக்கு இன்னாண்ணா? நீங்க ஏறுங்க. போய்ச் சேந்ததும் போன் போடுங்க."

கார் மறைந்ததும் டெய்சி ஜீப்பிடம் வந்தாள். பம்பர்மேல் சாய்ந்து நின்றாள். பிறகு, சும்மா நிற்க முடியாமல்தான் பானெட்டைத் திறந்தாள். ஆயில் ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து, விட்டு எடுத்தாள்.

எண்ணெய் மேல் கோட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே நின்றது.

தப்பாகப் பார்க்கிறோமென்று மறுபடி செய்தாள். அதேதான். நேற்று சற்று மேலே. இன்று இரண்டு விரற்கடை. யாரும் எண்ணெய் ஊற்றவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்தப் பழைய எஞ்சின் எண்ணெய் குடிக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை லிட்டர் ஊற்றியே ஆகவேண்டும். ஒரு மாசமாக அவள் ஊற்றவே இல்லை. குடிப்பதை நிறுத்திவிட்டது, நல்லதாகப் போயிற்று என்றுதான் சந்தோஷப்பட்டிருந்தாள்.

ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோனாள். டீசல் வண்டியில் எதை முகர்ந்தாலும் டீசல் வாடைதான். ஆனால் விரலில் தொட்டுத் தேய்த்தபோது எண்ணெயின் பிசுபிசுப்பே இல்லை. ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டாள். நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி நின்றது. அதைச் சுற்றி வெளிறிய ஈரம் ஒன்று பரவிப் பரவிப் பெரிய வளையமானது.

விநாயக்குக்குப் போன் போட்டாள். "ஆயில் கொறையல விநாயக். ஏறிக்கினு கீது. டீசல் கலந்து தண்ணியாயிடுச்சி. அதான் பிரஷர் நிக்கல."

அவன் குரல் மாறியது. "அக்கா, எஞ்சின் ஆஃப்ல தானே கீது? சாவியைக் கையில எடுத்து வெச்சிக்குங்க. ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க."

"ஏன்?"

"ஆயில் அளவு மீறி ஏறிச்சின்னா, எஞ்சின் அந்த ஆயிலையே இழுத்து எரிக்க ஆரம்பிச்சிடும். அப்பால சாவியை அணைச்சாலும் நிக்காது. தன்னால வேகம் ஏறிக்கினே போவும், வெடிக்கற வரைக்கும். நான் வரேன்."

டெய்சி போனை வைத்தாள். சாவியை உருவிக் கையில் எடுத்துக்கொண்டாள். மிதித்துக்கொண்டே போயிருந்தால்? பக்கத்தில் ஒருவர், பின்னால் ஒருத்தி. புளியமரத்தடியில் உட்கார்ந்து ஜெபம் செய்யப் பார்த்தாள், வார்த்தை வரவில்லை. பத்தரைக்கு ரத்தினம்மா கூப்பிட்டு, "சேந்துட்டோம், அண்ணன உள்ள கூட்டினு போயிட்டாங்க" என்றபோதுதான் அழுகை வந்தது.

விநாயக் ஒரு பிக்கப்பில் வந்து, கயிறு கட்டி ஷெட்டுக்கு இழுத்துப்போனான். டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் ஃபீட் பம்பு எஞ்சின் பக்கவாட்டில் இருக்கிறது. அதைக் கழற்றிப் பிரித்தான். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரப்பர் சவ்வு. அதில் நீளமாக ஒரு கிழிசல். அந்த வழியாகத்தான் ஒரு மாசமாக டீசல் சொட்டுச் சொட்டாக எண்ணெய்க்குள் இறங்கியிருக்கிறது. எஞ்சினுக்குக் கீழே எண்ணெய் நிற்கும் அடிப்பாத்திரத்தின் நட்டைத் திறந்ததும், எண்ணெய் கறுப்புத் தண்ணீர் மாதிரி கொட்டியது.

"நேத்து ஸ்டிக்கைப் பாத்தேன். ஃபுல்லா கீதுன்னு உட்டுட்டேன்" என்றான் விநாயக். "முகர்ந்தாவது பாத்திருக்கணும். என் தப்புதான் அக்கா."

டெய்சிக்குக் கோபம் வந்தது. உடனே, ஒரு மாசமாக ஸ்டிக்கில் அதையே பார்த்துச் சந்தோஷப்பட்டவள் தானும்தான் என்பதும் நினைவுக்கு வந்தது. "மெட்டல் இன்னா ஆயிருக்கோ, அத்த பாரு முதல்ல" என்றாள்.

புதன்கிழமை சிரில் லீவு போட்டுவிட்டு ஷெட்டில் வந்து உட்கார்ந்தான். சென்சார் என்று சொன்னவன், விநாயக் கேட்ட ஸ்பேனர்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அடிப்பாத்திரத்தை இறக்கிப் பார்த்ததில் ஒரு பேரிங்கில் மட்டும் கீறல். அதை மாற்றினார்கள். புதுச் சவ்வு போட்டு, மலிவான எண்ணெய் ஊற்றி ஓடவிட்டுக் கழுவி, அதையும் கொட்டிவிட்டு நல்ல எண்ணெய் ஊற்றினார்கள். வியாழன் மாலை முள் நாலுக்கு ஏறியது. அரைமணி நேரம் ஓடிச் சூடானபின் ஒன்றே காலில் நின்றது.

"முன்ன ஒன்றரை நிக்கும்" என்றாள் டெய்சி.

"கொஞ்சம் அடி வாங்கிடுச்சி இல்ல. இது போதும் அக்கா. ஓடும்."

போதும்தான். ஆனாலும் குறைந்துபோன அந்தக் கால் புள்ளி அவள் மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டேயிருந்தது. வெள்ளிக்கிழமை பங்காருப்பேட்டைக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை வண்டியை நிறுத்தி ஸ்டிக்கைப் பார்த்தாள். எண்ணெய் கோட்டிலேயே இருந்தது. கால் வீக்கம் வடிந்திருந்த வேலு, "இப்படி நிறுத்தினா சாயந்திரம்தான் போய்ச் சேருவோம்" என்று முனகினார். பத்து நாற்பதுக்கே ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டாள்.

உள்ளே அவர்களுக்கு ஊசி குத்தி மெஷின் ஓட ஆரம்பித்த பிறகு, தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. ஆண்டர்சன்பேட்டையிலிருந்து மனோகர் என்று ஒருவர். அவர் சம்சாரத்துக்கும் டயாலிசிஸ் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். ஜீப்பில் இடமிருக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கீதுங்க. செவ்வாய்க்கிழமை எட்டரைக்கு மெயின் ரோட்டுல நிக்கச் சொல்லுங்க" என்றாள் டெய்சி. கொஞ்சம் நிறுத்தி, "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். நான் வழியில வண்டிய ரெண்டு தரம் நிறுத்துவேன். பயப்பட வேணாம்னு சொல்லுங்க" என்றாள்.