நெற்றிக்கு ஒரு மால்டா காசு

அப்பா செத்துப்போன காலையில் எங்கள் வீட்டில் ஒரு ரூபாய் காசு இல்லை. வறுமை ஒன்றும் இல்லை. பால், மீன், பூ எல்லாவற்றுக்கும் போனைத்தான் நீட்டுகிறோம்.

"ஏம்பா, நெத்திக்காசு வெக்கணும். சீக்கிரம் குடு" என்றாள் அப்பாவின் தங்கை, என் அத்தை. குழைத்த சந்தனத்தோடு நின்றாள். பக்கத்து வீட்டில் கேட்டார்கள், இல்லை. முனைக் கடை இன்னும் திறக்கவில்லை. நான் சட்டைப்பையைத் தடவினேன், மேஜை டிராயரை இழுத்தேன், ஸ்கூட்டர் பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தேன். பீரோவை மட்டும் திறக்கவில்லை.

பீரோவில் ஒரு காசு இருந்தது. அது அப்பாவுடையது.

என் மகள் ஐரோப்பாவில் மால்டா தீவில் நர்ஸ். அப்பா சாவதற்கு முந்தின வருஷம் லீவில் வந்தபோது தாத்தாவுக்கென்று ஒரு வெள்ளிக்காசு கொண்டுவந்தாள், வட்டமான பிளாஸ்டிக் டப்பாவில் பளபளவென்று. அதில் சுருட்டை முடியோடு ஒரு முகம். அந்த ஊரில் பிறந்து ஆபராவுக்கு இசையமைத்தவராம். அவர் நினைவாக வெளியிட்ட காசாம். ஆபரா என்றால் என்னவென்று அப்பா கேட்டார். முழுக்கப் பாட்டிலேயே நடக்கிற நாடகம் என்றாள்.

"நம்ம தெருக்கூத்தாட்டம்னு சொல்லு."

"ஆமா தாத்தா. நீங்களும் பாட்டு கட்டுறவர்தானே, அதான் வாங்கினேன்."

அப்பா உப்பளத்தில் உப்பு வாரியவர். எலெக்‌ஷன் வந்தால் சினிமா மெட்டில் பாட்டுக் கட்டுவார், எந்தக் கட்சி கேட்டாலும். ஒரே தேர்தலில் எதிரும் புதிருமான இரண்டு ஆட்டோக்களில் அவர் பாட்டு ஓடியிருக்கிறது. வானூரில் ஆபீஸ் வேலை பார்க்கிற எனக்கு அதில் ஒரே கூச்சம். "உங்கப்பா பாட்டு சார்" என்று யாராவது சொன்னால் ஃபைலுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்வேன்.

காசு வந்த அன்றே அப்பா அதை டீக்கடைக்குக் கொண்டுபோய் எல்லாரிடமும் காட்டினார். சாயங்காலம், "உப்புக்காத்துல கறுத்துப்பூடும்பா, நான் பத்திரமா வெக்கிறேன்" என்று வாங்கிப் பூட்டினேன். உண்மையில், அவர் பாட்டுக்காரர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவது எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு பல தடவை கேட்டார். அப்புறம் எடுத்துத் தருகிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் டீக்கடையில் என் காதுபடவே சொன்னார்: "அந்த ஊர்ல பாட்டு கட்டுனவன காசுல போட்டான். எம்மவன் அந்தக் காச பீரோவுல போட்டுட்டான்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

நெற்றிக்காசு கடைசியில் சுடுகாட்டில் பிணம் எரிப்பவருக்குப் போய்ச் சேரும். அதற்குப் போய் வெள்ளிக்காசா என்று, அப்பாவை முன்னால் கிடத்திவைத்துக்கொண்டு, என் மனம் யோசித்தது. மனைவியின் கையிலிருந்த போனில் மகள் அழுதுகொண்டிருந்தாள். உடனே கிளம்பி வர அவளுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. அவள்தான் சொன்னாள்.

"அப்பா, தாத்தா காசு இருக்குதே. அத வைங்க."

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். "அட, மறந்தே போயிட்டேன்" என்றேன். அத்தைகூட நம்பவில்லை. டப்பா திறக்க வராமல், பல்லால் கடித்து உடைத்தேன்.

சுடுகாட்டில் அந்த ஆள் அப்பாவின் நெற்றியிலிருந்து காசை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "இது இங்க செல்லாதேண்ணே" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் என் கை நீண்டுவிட்டது. "அவரோடதுதானே, அவர்கூடவே வெச்சிடலாமே" என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. அதற்குள் நான் காசை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, அந்த ஆளுக்குப் போனில் பணம் அனுப்ப ஆரம்பித்திருந்தேன்.

வீடு திரும்பியதும் மகள் மறுபடி கூப்பிட்டாள்.

"காசு தாத்தாகூடவே போயிடுச்சாப்பா?"

"போயிடுச்சும்மா."

"நல்லதுப்பா" என்று அழுதாள். காசு அப்போதும் என் இடுப்பில் இருந்தது.

டப்பா இல்லாததால் இப்போது அது நிஜமாகவே கறுத்துக்கொண்டு வருகிறது. அந்த இசைக்காரரின் சுருட்டை முடிக்குள் அப்பா நெற்றிச் சந்தனம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. தேய்க்கக் கை வரவில்லை. அப்பா கேட்டபோதெல்லாம் எடுத்துக் கொடுக்காததை நான் தினமும் பீரோவைத் திறந்து எடுத்துப் பார்க்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

வருஷத் திவசத்துக்கு மகள் வருகிறாள். டிக்கெட் போட்டுவிட்டேன் என்று அவள் சந்தோஷமாகச் சொன்னபோது, எனக்கு முதலில் ஞாபகம் வந்தது பீரோ சாவி.