பாக்கியசாமியின் நுகத்தடி

பாக்கியசாமி அண்ணனின் உயரம் ஆறடி இரண்டு அங்குலம். மலாய் நாட்டுத் துறைமுகத்தில், பீச் ஸ்ட்ரீட்டில் இருந்த எங்கள் கப்பல் ஏஜென்ட் ஆபீசுக்கு அவர்தான் தலைமை குமாஸ்தா. நான் அவருக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தவன். அந்த உயரத்தினால்தான் எல்லா வம்பும் ஆரம்பித்தது என்பேன். பெரிய வெள்ளிக்கிழமை நாடகத்துக்கு நெட்டையான ஆள் வேண்டுமென்று கோயிலில் அவரை ரோமாபுரிப் படைவீரனாக்கினார்கள். கையில் கொடுத்தது சீன நாடகக் கொட்டகையிலிருந்து இரவல் வாங்கிய ஈட்டி. அதன் கழுத்தில் சிவப்புக் குஞ்சம் தொங்கியது.

"ரோமாபுரிக்காரன் ஈட்டியில குஞ்சம் இருக்குமா ஃபாதர்?" என்று கேட்டிருக்கிறார்.

"எனக்கு என்னப்பா தெரியும்? நேராப் புடி" என்றாராம் பாதிரியார்.

வேறு யாராக இருந்தாலும் நேராகப் பிடித்து நின்றுவிட்டு வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்திருப்பார்கள். அண்ணனுக்கு அந்தக் குஞ்சம் தொண்டையில் சிக்கிய மீன்முள்ளாகிவிட்டது. அடுத்த வருஷம், ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்கார டாக்டர் ஒருவரின் சாமான்களை லேலாங் போட்டார்கள். எல்லாரும் கட்டிலுக்கும் கண்ணாடிக்கும் ஏலம் கேட்க, இவர் அட்டை போன, கரையான் ஓரம் தின்ற ஒரு தடிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். பழைய ரோமாபுரிப் படையின் சரித்திரம். குஞ்சம் கிடையாது என்று அதில் கண்டுபிடித்த அன்று ஆபீசில் எல்லாருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

அதோடு நின்றதா? ஒரு கூடாரத்துக்கு எட்டுப் பேர், எட்டுப் பேருக்கு ஒரு திரிகைக்கல், ஒரு கோவேறு கழுதை என்று ஆரம்பித்தார். வேதத்தில் வரும் நூற்றுக்கதிபதிக்குக் கீழே உண்மையில் எண்பது பேர்தான் என்று தெரிந்தபோது மனிதர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "மிச்சம் இருவது பேரும் மெடிக்கல் லீவாண்ணே?" என்று நான் கேட்டதற்கு என்மேல் கோபம் வேறு. ஆர்கைல் ரோட்டிலிருந்து ஆபீஸ் வரைக்கும் ரோமாபுரிக் கணக்கில் எத்தனை அடி என்று எண்ணிக்கொண்டே நடப்பார். நடுவில் யாராவது வணக்கம் சொல்லிவிட்டால் பாதிக் கணக்கு போச்சு. வீட்டில் படைவீரர் சாப்பாடு என்று கோதுமைக் கஞ்சி காய்ச்சச் சொன்னார். அவர் மனைவி அன்னமேரி அக்கா அன்றைக்கு மட்டும் காய்ச்சினார்.

நாங்கள் அவரை ரோமாபுரி என்றே கூப்பிட்டோம். அவருக்கும் அதில் உள்ளூரச் சந்தோஷம்தான்.

இத்தனை வெற்றிகளைப் படித்தவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரு தோல்வியை. மத்தியான இடைவேளையில் அதைத் தொடங்கினால் கண் கலங்கிவிடும். மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. போக ஒரு வாய், வெளியேற ஒரு வாய். ரோமாபுரிப் படை உள்ளே போய்விட்டது. அந்தப் பக்கம் போனால் மரத்தையும் பாறையையும் போட்டு அடைத்திருக்கிறார்கள். திரும்பி வந்தால் வந்த வழியும் அடைபட்டிருக்கிறது. மேலே சுற்றிலும் சாம்னியர் என்ற மலைநாட்டுக்காரர்கள் நின்று சிரிக்கிறார்கள்.

"அப்ப என்ன செஞ்சாங்க தெரியுமா தம்பி? அகழி வெட்டுனாங்க! சாயங்காலம் ஆனா அகழி வெட்டணும், அது அவங்க வழக்கம்லா. ஒரு பிரயோசனமும் இல்லைன்னு தெரிஞ்சும் வெட்டுனாங்க."

மலைநாட்டுத் தளபதி தன் கிழட்டுத் தகப்பனிடம் யோசனை கேட்டானாம். ஒன்று எல்லாரையும் மரியாதையாக விட்டுவிடு, இல்லை ஒருவர் மிச்சமில்லாமல் வெட்டிவிடு, நடுவழி வேண்டாம் என்றானாம் கிழவன். மகன் நடுவழியைத்தான் பிடித்தான். இரண்டு ஈட்டியை நட்டு, மூன்றாவதைக் குறுக்கே கட்டி, மாட்டுக்குப் பூட்டுகிற நுகத்தடி மாதிரி நிறுத்தினான். மேலாடையை உருவிப்போட்டு, ஒற்றைச் சட்டையோடு, தலைவர்கள் முதலில், வீரர்கள் பின்னால், எல்லாரும் அதன் கீழே குனிந்து போகவேண்டும். "செத்திருக்கலாம் தம்பி" என்பார் அண்ணன். அதற்குள் மணி அடித்துவிடும். அந்தக் கதையின் மிச்சத்தை நாங்கள் யாருமே கேட்டதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று, வியாபாரம் படுத்துப்போன மந்தகாலம். ரப்பர் தோட்டத்து ஆட்களைக் கப்பல் கப்பலாக ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். குமாஸ்தாக்கள் பெருமாள் கோயில் உண்டியலிலும் அந்தோணியார் உண்டியலிலும் பேதம் பார்க்காமல் வேண்டுதல் போட்ட நேரம். எங்கள் ஆபீசுக்கு அப்போதுதான் ஒரு சின்ன துரை வந்திருந்தார். மூன்று மாதம் மலாய் படித்தவர். அது அவர் நெற்றியிலேயே எழுதி ஒட்டியிருந்தது.

வெல்ட் கீ படகுத்துறையில் நானூறு மூட்டை கொட்டைப்பாக்கு கல்கத்தா கப்பலுக்குக் காத்திருந்தது. கப்பல் மறுநாள் புறப்பட வேண்டும். மூட்டைகளைக் கப்பலுக்கு ஏற்றிப் போகும் தொங்காங் படகை ஓட்டும் தண்டல் சுலைமான். சின்ன துரை அவனைக் கூப்பிட்டு, தன் மலாயில், "லூசா வா" என்றார். நாளை என்பதற்கு மலாயில் பெசோக். லூசா என்றால் நாளை மறுநாள். சுலைமான் விழித்தான். "லூசாவா துவான்?" என்று இன்னொரு தடவை கேட்டான். "லூசா!" என்று அதட்டினார் துரை.

பக்கத்தில் நின்றது நான் ஒருவன்தான். துரைக்குத் தெரியாததா, ஒருவேளை கப்பல் தேதி மாறியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், வாயைத் திறக்கப் பயம்.

மறுநாள் தொங்காங் வரவில்லை. மாலையில் அடைமழை வந்தது. பாக்கு மூட்டைகள் விடிய விடிய நனைந்து ஊறின. கப்பல் போய்விட்டது.

பெரிய துரை விசாரித்தார். வெள்ளைக்காரத் துரைக்கு வார்த்தை பிசகியது என்று எந்தக் காகிதத்தில் எழுத முடியும்? சுலைமான் மேல் எழுதினால் அவனுக்கு இந்தத் துறைமுகத்தில் இனி வேலை கிடையாது, அவனுக்கு ஏழு பிள்ளைகள். இல்லையென்றால் தகவல் சொல்லவேண்டிய தலைமை குமாஸ்தா தவறிவிட்டார் என்று எழுதவேண்டும். அண்ணன் உண்மையைச் சொன்னால் வேலை போகும். ஆர்கைல் ரோட்டு வீடு கம்பெனி வீடு, அதுவும் கூடவே போகும். மகள் டோரதியும் மற்ற மூன்று பிள்ளைகளும் தெருவில் நிற்கும். சாட்சி இருந்தால் ஒருவேளை தப்பலாம்.

அண்ணன் என் மேசைக்கு வந்தார்.

"நீ அங்க நின்னியாமே தம்பி? சுலைமான் சொன்னான்."

"நின்னேண்ணே. ஆனா மழைச் சத்தம்லா... சரியாக் கேக்கல."

மழை மறுநாள்தான் வந்தது. அது அவருக்கும் தெரியும். "சரி" என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனார். அந்த ஒரு வார்த்தை இன்றைக்கும் என்னைச் சும்மா விடுவதில்லை.

பெரிய துரை தயாள குணத்தோடு தீர்ப்புச் சொன்னார். வேலையை விட்டு நீக்கப் போவதில்லை. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு, எல்லாக் குமாஸ்தாக்களும் நிற்க, சின்ன துரையின் மேசை முன்னால் வந்து, தவறு தன்னுடையது என்று படித்துக் கையெழுத்துப் போட்டால் போதும். வெட்டவும் இல்லை, விடவும் இல்லை.

எங்கள் ஆபீசில் குமாஸ்தாக்கள் பக்கத்துக்கும் முன்பக்கத்துக்கும் நடுவே ஒரு நீளக் கவுண்டர். அதில் போய்வர ஒரு மடக்குப் பலகை. இரண்டு பக்கமும் கட்டைத் தூண், குறுக்கே பலகை. தலைமை குமாஸ்தா வந்தால் பியூன் மீரா சாகிப் ஓடிப்போய்ப் பலகையைத் தூக்கிப் பிடிப்பார், பதினெட்டு வருஷ வழக்கம். அன்றைக்கு மீரா சாகிப்பும் எங்களோடு வரிசையில், தலை குனிந்தபடி நின்றார்.

அண்ணன் எழுந்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். யாரும் கழற்றச் சொல்லவில்லை. வெறும் சட்டையோடு, ஒரு கையில் காகிதமும் மறு கையில் தொப்பியுமாக, கவுண்டர் வரைக்கும் வந்து நின்றார். பலகையை யாரும் தூக்கவில்லை. நான் நாலு அடி தள்ளித்தான் நின்றேன். நானும் தூக்கவில்லை. அந்த ஆறடி இரண்டு அங்குலமும் மடிந்து, இடுப்பு உயரப் பலகைக்குக் கீழே நுழைந்து அந்தப் பக்கம் எழும்பியது. பிறகு அவர் காகிதத்தைப் படித்தார். கையெழுத்துப் போட்டார்.

மாலை ஆறு மணிக்கு அன்னமேரி அக்கா என் வீட்டு வாசலில் நின்றார். "தம்பி, அவர் இன்னும் வரலையே." நான் எல்லாவற்றையும் சொன்னேன், என் மழைப் பொய் உட்பட. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கோட்டு போட்டுருந்தாரா?" என்று மட்டும் கேட்டார்.

"கழட்டி வெச்சிட்டுத்தான் போனாரு."

அக்கா விறுவிறுவென்று வீட்டுக்குத் திரும்பிப் போனார். நான் பின்னாலேயே போனேன். சோறும் மீன் குழம்பும் அடுக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டார், தேய்த்த சட்டை ஒன்றையும் மடித்துக்கொண்டார்.

"எங்கக்கா தேடப் போறீங்க?"

"ரொம்ப தூரம் போயிருக்க மாட்டாரு. அந்தக் குனிஞ்ச பட்டாளம் என்ன செஞ்சிச்சி? காப்புவான்னு ஊரு, அவங்க சிநேகித ஊருதான். உள்ள போக வெக்கப்பட்டு ரோட்டோரமாவே விழுந்து கெடந்தாங்க. ஊர்க்காரங்கதான் சோறும் துணியும் எடுத்துக்கிட்டு வந்தாங்க. வாராவாரம் சொல்லுவாருலா, ஒங்ககிட்ட சொன்னதில்லையா?"

அந்த இடம் வருவதற்குள் எங்களுக்கு ஆபீசில் மணி அடித்துவிடும். அடுக்குச் சட்டியை நான் வாங்கிக்கொண்டேன்.

டிரான்ஸ்ஃபர் ரோடு முனையில், வீட்டு வாசல் தெரிகிற தூரத்தில், கால்வாய் ஓரத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சட்டையை மடியில் வைத்தார்.

"திங்கக்கிழமை அந்தப் பலகை அங்கதான இருக்கும் அன்னம்" என்றார் அண்ணன்.

"இருக்கட்டும். இன்னைக்குச் சனிக்கிழமைதானே. சாப்பிடுங்க."

ஒரு வாய் சாப்பிட்டார். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மழை விட்டுருச்சா தம்பி?"

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. "விட்டுருச்சுண்ணே" என்றேன்.

திங்கட்கிழமை எல்லாருக்கும் முன்னால் போய்க் கவுண்டர் பக்கத்தில் நின்றேன். அண்ணன் வந்ததும் மீரா சாகிப்பை முந்திக்கொண்டு பலகையை எட்டுமட்டும் தூக்கிப் பிடித்தேன். அவர் எனக்கு வணக்கம் சொன்னார். தலைக்கு மேலே ஒன்றும் இல்லாத அந்த இடத்தில் நன்றாகக் குனிந்து போனார். ஓய்வு பெறும்வரை அப்படித்தான் போனார்.