பழைய வழக்குப் புத்தகங்களின் கிராணி

பினாங்கு கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து பழைய வழக்குப் புத்தகங்களைக் காத்த அந்தக் கிராணியின் பெயர் எனக்குத் தெரியாது. மெலிந்த உடம்பு, புழுக்கத்திலும் கழற்றாத கறுப்புக் கோட்டு. புத்தகத்தைத் தொடுமுன் கைக்குட்டையால் இரு கைகளையும் துடைத்துக்கொள்வார்.

அக்காவுக்குப் பேசியிருந்த சுங்கை பினாங் மாப்பிள்ளை ஜெயிலுக்குப் போனவர் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். விசாரிக்கக் கோர்ட்டுக்குப் போனேன். மாப்பிள்ளையின் பெயரையும் அவருடைய தகப்பனார் பெயரையும் வாங்கிக்கொண்டு, கிராணி என்னை நிற்கவைத்தே புத்தகங்களில் தேடினார்.

"ஒண்ணும் இல்ல தம்பி. தைரியமா கல்யாணத்த நடத்துங்க. பார்க்க வந்தது யாருன்னு எழுதணும். உங்க அப்பா பேரு?"

சொன்னேன். எழுதப்போன பேனா நின்றது.

"போன வாரம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து இந்தப் பேரத்தான் தேடச் சொன்னாங்க."

"என்ன இருந்துச்சு, ஐயா?"

"ஒருத்தருக்குக் காட்டினத இன்னொருத்தர்கிட்டச் சொல்றதில்ல. நீங்களே கேட்டா எடுத்துக் காட்டுறேன்."

கைக்குட்டையை எடுத்துக் கைகளை மெல்லத் துடைத்தார். பிறகு நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க தம்பி."

நான் உட்காரவில்லை. வேகமாகப் படியிறங்கிவிட்டேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சம்பந்திகள் கடைசிவரை அப்பாவிடம் மரியாதையாகவே இருந்தார்கள். அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்று கோர்ட்டில் அதுவரை நிற்கவைத்தே பேசிய கிராணி, அப்போது மட்டும் ஏன் என்னை உட்காரச் சொன்னார்?