பாடாங் செராய்க்குப் போன ஊமைப் படம்

காலை ஏழு மணிக்குச் சுங்கை பட்டாணியை விட்டுக் கிளம்பினோம். ஜப்பானியர் ஆட்சியின் இரண்டாம் ஆண்டு அது. பெட்ரோல் கிடைக்காததால், லாரியின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி அந்த வாயுவில் ஓட்டினார் மாணிக்கம் அண்ணன். நான் படக்கொட்டகையில் இயந்திரம் ஓட்டுகிறவன். பின்னால் கையால் சுற்றும் படக்கருவி, வெள்ளைத் துணி, பத்து நிமிடம் ஓடும் ஊமைப் படம் ஒன்று, ஒரு பெட்டி நிறையப் புதுச் சட்டைகள். ஜப்பானிய அதிகாரி காரில் முன்னாலேயே போய்விட்டார்.

அந்தப் படத்தைப் பிடித்தவனும் நான்தான். மூன்று மாதத்துக்கு முன் பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் எடுத்தோம். ஆண்களுக்குச் சட்டை கொடுத்து, சிரித்துக்கொண்டே லாரியில் ஏறச் சொன்னார் அதிகாரி. “எல்லாத் தோட்டத்திலும் இதைக் காட்டுவோம்” என்றும் அவர்களிடம் சொன்னார். துப்பாக்கிக்காரர்கள் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள், படத்தில் விழமாட்டார்கள். பெண்களை லயத்தை, அந்த வரிசை வீடுகளை, விட்டு வெளியே வரவிடவில்லை. படம் முடிந்ததும் சட்டைகளைக் கழற்றி வாங்கிக்கொண்டு, வெறும் மேலோடு ஆட்களைச் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அதன் பிறகு ஒருவரிடமிருந்தும் சேதி இல்லை.

பீடோங் ஆறு மைல். சந்தையில் அவித்த மரவள்ளிக் கிழங்கு ஒரு தட்டு இரண்டு டாலர், ஜப்பானியர் அச்சடித்த வாழைமர நோட்டில். தின்றுவிட்டு ஒன்பது மணிக்கு, படம் பிடித்த அதே தோட்டத்துக்குள் நுழைந்தோம். எல்லாத் தோட்டமும் என்றால் அதுவும்தான். பால் வெட்ட ஆளில்லை. மரங்களில் கட்டிய கிண்ணங்களில் மழைத்தண்ணீர் கருத்துக் கிடந்தது.

இரவில் வெளிச்சம் கூடாது என்பது உத்தரவு. அதனால் ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டுக் காயவைக்கும் கொட்டகையில், ஜன்னல்களைச் சாக்கால் மூடிப் பகலிலேயே காட்டினோம். வந்தவர்கள் எல்லாரும் பெண்கள், கிழவர்கள். அதிகாரி துரை பங்களாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

படம் ஓடியது. யாரும் அழவில்லை. துணியில் தெரிந்த லாரி எங்களை நோக்கி வந்தபோது, உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து இரண்டு பக்கமாக ஒதுங்கி அதற்கு வழி விட்டார்கள். அது மறைந்ததும், ஒருத்தர் பின் ஒருத்தராகத் துணிக்குப் பின்னால் போனார்கள். அங்கே புகை படிந்த சுவர்தான் இருந்தது. திரும்பி வரவில்லை, அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

அங்கம்மாள் என்பவர் மட்டும் என்னிடம் வந்தார்.

“இன்னொரு தடவ ஓட்டுங்க தம்பி. எங்க வீட்டுக்காரரு வாயப் பாக்கணும்.”

ஓட்டினேன். லாரியின் ஓரத்தில் நின்ற அவர் புருஷன் ரெங்கசாமியின் உதடுகள் அசைந்தன. பாடுகிறார் என்றே நான் நினைத்திருந்தேன்.

“பாட்டு இல்ல தம்பி அது. காலைல பேர் குடுக்குற பெரட்டுல, கணக்கெழுதுற கிராணி முன்னால, தோட்டத்து ஆளுங்க எல்லாரும் சத்தமில்லாம வாயசைச்சுத்தான் பேசிக்குவோம்” என்றார் அங்கம்மாள். “‘நாங்களா போகல. புடிச்சி ஏத்துறான். காட்டுக்குள்ள ஓடிருங்க.’ ரெண்டு வாட்டி சொல்றாரு.”

நான் பிலிமைத் திருப்பிச் சுற்றினேன். “அடுத்த தோட்டத்துல நாளைக்கிக் காட்டணும்க்கா. ஆள் சேக்கத்தான்.”

“காட்டுங்க. அதுக்குத்தான பேசியிருக்காரு.”

மறுநாள் பாடாங் செராய். இருபது மைலுக்கு மேல், வந்த வழியே திரும்பிச் சுங்கை பட்டாணியைத் தாண்டிப் போகவேண்டும். அங்கம்மாள் சொன்னதை வழியில் மாணிக்கம் அண்ணனிடம் சொன்னேன். இறங்கும்போது அவர், “மெதுவாச் சுத்துவியா?” என்றார். அதே யோசனைதான் எனக்கும்; அப்போதுதான் உதடசைவு எல்லாருக்கும் புரியும். ஆனால் மெதுவாகச் சுற்றினால் விளக்கின் சூட்டில் பிலிம் பற்றிக்கொள்ளும். அதிகாரி கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

மதியம் மூன்று மணி. இங்கும் புகைக்கொட்டகைதான். வாலிபர்கள் நிறைய இருந்தார்கள். ரெங்கசாமி முகம் வந்ததும் கையைத் தளர்த்தினேன். அவர் சிரிப்பு மெல்ல விரிந்தது. தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிறவர் போல உதடுகள் ஒவ்வொரு சொல்லுக்கும் திறந்து மூடின. பிலிம் கருகும் வாடை மூக்கில் ஏறியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சுற்றினேன். முன்வரிசையில் ஒருவன் உதடு அதே மாதிரி அசைந்தது. பிறகு பக்கத்திலிருந்தவன். பிறகு வரிசை முழுவதும். கொட்டகையில் ஒரு சத்தமும் இல்லை. அந்த உயிருள்ள வாய்களைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

அதிகாரி எழுந்து என் தோளைத் தட்டினார். “பாகுஸ்” என்றார். மலாயில், நன்றாக இருக்கிறதாம்.

விடிந்து பெரட்டுக் களத்தில் கிழவர்கள் மட்டும் நின்றார்கள். வாலிபர்களில் ஒருவன்கூட இல்லை. துப்பாக்கிக்காரர்கள் லயங்களை உதைத்துத் திறந்தார்கள். அடுப்புகள் ஆறிக் கிடந்தன. அதிகாரிக்குப் படத்தின் மேல் சந்தேகம் வந்தது. அதை இன்னொரு முறை தனியாகப் போடச் சொல்லிப் பார்த்தார். சிரிக்கும் ஆட்களைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. எங்களைப் போகச் சொல்லிவிட்டார்.

எங்கள் ஊர்க் கொட்டகையில் படம் முடியும் முன்பே ஜனங்கள் நாற்காலி தேய எழுந்து வாசலுக்கு ஓடுவார்கள். சத்தமில்லாத அந்த வாய்களைப் பார்த்த பிறகு, அந்த இரைச்சலைக் கேட்கவேண்டும்போல் இருந்தது எனக்கு.

போர் முடிந்து பீடோங்குக்குப் போனேன். ரெங்கசாமி திரும்பவே இல்லை. பாடாங் செராயில் நடந்ததை அங்கம்மாளிடம் சொன்னேன். கேட்டு முடித்தவர், “அவரப் பாக்க எத்தன பேரு இருந்தாங்க தம்பி?” என்றார்.

“எரநூறு பேரு இருக்கும்க்கா.”

“அவ்ளோ பேரா?” அவர் முகத்தில் ஒரு வெட்கச் சிரிப்பு வந்தது. “நாலு பேருக்கு முன்னால நின்னு பேசவே கூச்சப்படுவாரு, பாவம்.”